இறகைப் பார்த்து இனம் சொல்லும் மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. சேவலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிரவிக் கடைத்தெருவுல நீ வந்த தோரணையைப் பாத்து, பொண்ணு பாத்து முடிச்சுட்டு வர்றியோன்னு நெனச்சேன். "மாமா, சுத்த அசில். கழுத்து பொன்னு, நெஞ்சு கறுப்பு, வாலுல பச்சை மினுக்கு, ஒரு வெள்ளை இறகு கெடையாது"ன்னு மூச்சு விடாம சொன்னே. வித்தவன் சொன்னதை ஒரு எழுத்து சிந்தாம ஒப்பிச்சுட்டே. பள்ளிக்கூடத்துல இப்படி ஒப்பிச்சிருந்தா இன்னிக்கு நீ தாசில்தார்.

சரி, அசிலுக்கு இதுதான் நிறம்னு எவன் சொன்னான்? அசில்ல கறுப்பு உண்டு, செவப்பு உண்டு, வெள்ளை உண்டு, புள்ளி போட்டதும் உண்டு. நீண்ட கழுத்து, அகண்ட தோளு, ஒடம்போட ஒட்டிக் கெடக்குற இறகு, தடிச்ச காலு, தலையோட படிஞ்ச சின்னக் கொண்டை, இதுங்கதான் அதுக்கு அடையாளம். உன் சேவலுக்குக் கொண்டை அஞ்சு பல்லோட நிமிந்து நிக்குது. நான் ஒண்ணும் சொல்லலை. அதுவே சொல்லுது.

சண்டைச்சேவல்காரங்க இறகு பாக்கலையான்னு கேப்பே. பாத்தாங்க. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில்னு இறகை வச்சு அஞ்சு பட்சியாப் பிரிச்சு, வளர்பிறையில எது ஜெயிக்கும், தேய்பிறையில எது ஜெயிக்கும்னு கணக்குப் போட்டாங்க. அது ஜெயிக்கிற நேரத்துக்குப் பாத்த கணக்கு, குலத்துக்குப் பாத்ததில்ல. தோத்தவன் எவனும் கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல, நாழிகை தப்பிருச்சும்பான். 1960ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தும் அந்தக் கணக்குப் புஸ்தகத்தை எவனும் கடாசலை.

அடுத்தாப்ல உன் கருங்கோழிக்கு வருவோம். "தோலு கறுப்பு, சதை கறுப்பு, நாக்கு கறுப்பு, அப்போ சுத்த கடக்நாத்"னு சொல்றே. மத்தியப்பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி அது, 2018ல புவிசார் குறியீடு வாங்கிருக்கு. அதுலயே முழுக்கறுப்பு, வரி போட்டது, பொன்னிறம் தெறிச்சதுன்னு மூணு வகை உண்டு. பொன்னிறம் கண்டதும் "கலப்படம்"னு நீ தள்ளிட்டு வந்தியே, அது ஒருவேளை அசலாக்கூட இருந்திருக்கும். ஆனா அந்தத் தோல் கறுப்பு இருக்கே, அது ஆதிக்கக் குணம். பாதி ரத்தம் இருந்தாலே குஞ்சு கறுத்துப் பொறக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால வியாபாரி ஒரு கருஞ்சேவலை வச்சுக்கிட்டு ஊர்க்கோழி பூராவையும் கடக்நாத் ஆக்கிடுவான். நீயும் நாக்கை இழுத்துப் பாத்துட்டுக் காசை எண்ணிக் கொடுத்துடுவே.

குரும்பாபேட்டு கால்நடைக் கல்லூரியில படிக்கிற என் பேத்தி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நாட்டுக்கோழின்னு சந்தையில வாங்குறியே, அதுல பாதிக்கு மேல ஐதராபாத்துல உருவாக்கின வனராஜா, கிராமப்ரியா வழி வந்ததா இருக்கும்னு சொல்றா. பாதிங்கிறது அவ கணக்கு, எனக்கு அதுல சந்தேகம். அவ தாராளமா கொறச்சுச் சொல்றவ. அந்தக் கோழிங்களுக்குக் கலர் கலரா இறகு வந்தது தற்செயல் இல்ல மாப்ளே. வெள்ளைக்கோழியைக் கிராமத்தான் வாங்க மாட்டான், பருந்துக் கண்ணுக்கும் அது பளிச்சுன்னு தெரியும்னு யோசிச்சுத்தான் பண்ணிருக்காங்க. அவங்க அதை ஒளிக்கவும் இல்ல. ஒளிக்கிறவன் சந்தையில கூடையோட உக்காந்திருக்கான். நீ எந்த இறகைப் பாத்து "நாடு"ன்னு மயங்குவியோ, அந்த இறகையே அளவெடுத்து மாட்டி வச்சிருக்கு. பழுப்பு முட்டையும் அப்படித்தான். சீமை ரோட் ஐலண்ட் ரெட்டும் பழுப்பு முட்டைதான் இடும்.

வெள்ளைன்னா சுத்தம்னு நெனக்காதே. வெள்ளை லெகார்னோட வெள்ளை ஒரு போர்வை. உள்ளுக்குள்ள கறுப்போ செவப்போ வரியோ, எது கெடக்குதுன்னு மேல பாத்தா தெரியாது. இங்கிலாந்துல பேட்ஸன்னு ஒருத்தர் 1902லயே கோழிகளைச் சேத்துப் பாத்து, மெண்டல் பட்டாணிச்செடியில கண்ட விதி கோழிக்கும் பொருந்தும்னு எழுதிட்டார். வேற வேற கொண்டை உள்ள ரெண்டைச் சேத்தா, அப்பனுக்கும் இல்லாம அம்மாவுக்கும் இல்லாம மூணாவதா ஒரு கொண்டை வரும்னும் காட்டினாங்க. நம்ம ஊருல அப்படிப் பொறந்திருந்தா பஞ்சாயத்துக் கூடியிருக்கும்.

நம்ம பழைய துரைமார் நாடான பிரான்ஸ்ல பிரெஸ்ன்னு ஒரு கோழி உண்டு. வெள்ளை ஒடம்பு, செவப்புக் கொண்டை, நீலக் காலு. 1954 அக்டோபர் 31ல காரைக்கால்ல இறக்கின அந்தப் பிரெஞ்சுக் கொடி, அங்க கோழி மேல இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. 1957லேருந்து அந்தப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு. ஆனா இறகும் காலும் பொருந்திட்டா மட்டும் பேரு கெடைக்காது. அந்தச் சீமையிலயே வளரணும், ஒரு கோழிக்குப் பத்துச் சதுர மீட்டர் புல்தரை விடணும், கிட்டத்தட்ட நாலு மாசம் வளக்கணும். நிறத்துல இவ்வளவு கறாரா இருக்கிறவனே நிறத்தை மட்டும் நம்பலை. பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்ஷன் வாங்குற நம்ம தெரு பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். "பிரான்ஸ்ல எல்லாமே அப்படித்தான்"னு அவர் மீசையை முறுக்கிக்கிட்டார்.

உனக்கு இன்னொரு கோளாறு உண்டு. மஞ்சக் காலு பாத்தாலே "சீமை ரத்தம்"னு ஒதுக்குறே. டார்வின் காலத்துலேருந்து வீட்டுக்கோழி பூராவும் செங்காட்டுக்கோழி வம்சம்னுதான் நம்பிக்கிட்டிருந்தாங்க. 2008ல சுவீடன் உப்சாலா ஆளுங்க மரபணுவைப் பிரிச்சுப் பாத்தா, மஞ்சத்தோல் வந்த வழி வேற. நம்ம மேற்குமலைச் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது அது. சீமைக்கோழி உன் மலையில கடன் வாங்கிட்டுப் போனதை நீ சீமைன்னு தள்ளுறே. கோழிங்கிற ஜாதியே ரெண்டு காடு கலந்து வந்தது.

அதுவும் காரைக்கால்ல இருந்துக்கிட்டு சுத்த ரத்தம் பேசுறே பாரு! வடக்க தரங்கம்பாடியில டேனிஷ்காரன், இங்க பிரெஞ்சுக்காரன், கடல்மேல போய் வந்த மரக்காயர்மார். உன் தாத்தா சைகோன்லேருந்து கப்பல்ல திரும்பினப்போ கூட வந்தது பெட்டி மட்டுந்தானான்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? சேவலை மட்டும் ஏன்டா ஏழு தலைமுறை கேக்குறே?

நெசமாவே வளக்கணும்னு ஆசை இருந்தா, குஞ்சைப் பாத்து வாங்காதே. பொறந்தப்போ இருக்கிற மயிரும் வளந்தப்போ வர்ற இறகும் ஒண்ணில்ல, பல தடவை உதிர்ந்து மாறும். தாயையும் சேவலையும் அதே கொட்டாயில நேர்ல பாரு. ஒரே ஜோடியோட ரெண்டு ஈத்துக் குஞ்சுங்க ஒரே சீரா வளருதா, இல்ல ஆளுக்கொரு கோலமாத் திரியுதான்னு பாரு. பெட்டை தானா அடைக்கு உக்காருதா, குஞ்சைக் கூட்டிக்கிட்டு மேயுதா, பருந்து நிழல் விழுந்தா கத்துதான்னு பாரு. கொண்டை, காலு, எலும்பு எல்லாம் பாத்துட்டுக் கடைசியில இறகுக்கு வா. மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துல போய் விசாரிச்சுக்கோ, அங்க கேள்வி கேட்டா திட்ட மாட்டாங்க, என்னை மாதிரி இல்ல.

அப்புறம், "குஞ்சு நாங்க தர்றோம், வளத்துக் கொடுங்க, நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்"னு எவனாவது போன்ல சொன்னா, 2012ல பெருந்துறையில ஈமு கோழிக்குப் பணம் கட்டி ஏமாந்தவங்களை நெனச்சுக்கோ. முன்பணம் ஒரு ரூவா கொடுக்காதே.

இந்தச் சேவலை என்ன பண்றதுன்னுதானே முழிக்கிறே? வச்சுக்கோ, நல்லாத்தான் கூவுது. நல்ல பெட்டையாப் பாத்துச் சேத்துவிட்டு, குஞ்சு பொரிச்சதும் மாமனுக்கு ஒரு ஜோடி கொண்டா. இறகு எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்ல.