கமிஷனுக்கு ஆயுள் நீட்டிப்பு

கேள்வி: அரசுக் கட்டட ஊழலை விசாரிக்கும் கமிஷன்களுக்கு ஆயுளை நீட்டிக்கொண்டே போவது தண்டச் செலவுதானே?

பதில்: கான்கிரீட் பலம் பெறவே 28 நாள் காத்திருக்கிறோம். அதில் எவ்வளவு சிமென்ட் களவு போனது என்று கண்டுபிடிக்க அவகாசம் வேண்டாமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் பாஸ்டனில் வளாகம் கட்டியபோது, மேற்பார்வை நிறுவனத்திடம் பணம் பறித்ததாக மாநில செனட்டர்கள் இருவர் 1977இல் குற்றவாளிகளானார்கள். மறு ஆண்டே வார்டு கமிஷன் வந்தது. தலைவர் ஜான் வில்லியம் வார்டு, நீதிபதி அல்ல, கல்லூரித் தலைவர். 1980 டிசம்பர் கடைசி வரை தோண்டித் துருவினார்கள். அரசுக் கட்டடங்களில் 76 சதவீதத்தில் பெரிய குறை ஒன்றாவது இருந்தது! அறிக்கையோடு நிற்காமல் சட்டங்களையும் மாற்ற வைத்தார்கள். அமெரிக்க மாநிலங்களிலேயே முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 1981இல் அங்கே பிறந்தது, இன்றும் இயங்குகிறது. சாட்சியைக் கூப்பிட்டு, பில்லைப் புரட்டிப் பார்க்கிற கமிஷனுக்குத் தாராளமாக நாள் கொடுக்கலாம். வாய்தா மட்டுமே வாங்குகிற கமிஷனுக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடாது. கட்டடம் வாய்தா கேட்டுக் காத்திருக்காதே! அந்த பாஸ்டன் வளாகம் திறந்தது 1974இல். அதன் நிலத்தடி கார் நிறுத்தத்தில் காரை பெயர்ந்து, 2006இல் இழுத்துப் பூட்டினார்கள்.