கொல்லைக்குப் படம் போட்ட தம்பிக்கு

வாப்பா தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. சுருட்டி வச்சிருக்கிற படத்தைக் காட்டு. அடேயப்பா! நடுவுல பச்சைப் புல்லு, ஓரத்துல வெள்ளைக் கூழாங்கல்லு, மூலையில புத்தர் தலை, அதுக்குப் பின்னால அருவி வேறயா? ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவுல குடியிருந்துக்கிட்டு மோட்டார் போட்டு அருவி விடணும்னு தோணுச்சு பாரு, அந்த மூளைக்கு ஒரு சால்வை போத்தணும்.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. நிழல் எங்க விழும்னு படத்துல காணோமே! உங்க வீட்டுப் பக்கம் சூரியன் வர்றதில்லையா? கத்திரி வெயில்ல திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். அப்போ அந்தக் கூழாங்கல்லு மேல கால் வச்சுப் பாரு, புத்தருக்குக் கிடைச்ச ஞானம் உனக்கும் கிடைச்சிரும்.

செலவில்லாம ஒரு வேலை சொல்றேன். காலையில 8 மணி, மத்தியானம் 12, சாயங்காலம் 4, மூணு நேரமும் கொல்லையில நிழல் முடியிற எடத்துல சுண்ணாம்புக் கோடு போடு. மார்கழியில ஒருதரம், ஆனியில ஒருதரம். மார்கழி மத்தியானம் நிழல் வடக்க நீளும். ஆனி உச்சியில கொஞ்சமாத் தெக்க சாயும். கத்திரி, வெண்டை, தக்காளிக்கெல்லாம் அரை நாளாவது நல்ல வெயில் வேணும். கோடு போட்டா எது எங்கன்னு தரையே சொல்லிரும். அதுக்கு ஃபீஸ் கிடையாது.

புல்லு 400 சதுர அடின்னு எழுதியிருக்கு. நீதான் படிச்ச புள்ளையாச்சே, கணக்குப் போடு. ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் தண்ணின்னா 1 லிட்டர். கோடையில புல்லு பச்சையா நிக்கணும்னா நாளுக்கு ஒரு 5 மில்லிமீட்டராவது ஊத்தணும். 400 சதுர அடி சுமாரா 37 சதுர மீட்டர். ஆக, தெனம் 185 லிட்டர். 15 லிட்டர் குடத்துல 12 குடம். மாடு இருந்தாலும் பரவாயில்ல. மாடும் இல்லாம புல்லை வளர்த்து, மேயப் போறது யாரு, நீயா? குழந்தை உருள எடம் வேணும்னா ஒரு பாய் அளவுக்கு அருகம்புல்லு விடு. பிள்ளையாருக்கும் ஆச்சு.

வேலியோரம் வரிசையா கோனோகார்பஸா? சீக்கிரம் வளரும், எல்லாம் சரி. ஆனா அதுக்குத் தமிழ்நாடு அரசு 2025-ல தடையே போட்டாச்சு. உன் படம் அரசாணைக்கு முன்னாடி வரைஞ்சது போல.

மேக்க நிக்கிற வேப்பமரத்து மேல எதுக்குச் செவப்புல பெருக்கல் குறி? காம்பவுண்டு சுவர் நேரா வரணுமா? சாயங்கால வெயில் உன் வீட்டுக்குள்ள வராம மறிச்சுக்கிட்டு நிக்கிறதே அதுதான். ஆடிக் காத்தும் மேக்க இருந்துதான் அடிக்கும், அப்போ உன் வாழைக்கு அதுதான் காவல். ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டா இந்தப் பேச்சு பேசுற? தொண்டரடிப்பொடியாழ்வார் இந்த ஊர்லதானே நந்தவனம் போட்டுப் பெருமாளுக்கு மாலை கட்டினாரு. திருமங்கையாழ்வார் மதில் கட்டிக்கிட்டு வந்தப்போ அந்த நந்தவனம் குறுக்க வர, செடியைத் தொடாம மதிலை ஒதுக்கிக் கட்டினாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ரங்கநாதர் மதிலே செடிக்கு வழி விட்டுச்சாம். உன் காம்பவுண்டு அதைவிட ஒசத்தியா தம்பி?

இருபது அடி அகலக் கொல்லையில மூணு தென்னை வேற. தென்னைக்குத் தென்னை 25 அடி விடணும். நீ வரைஞ்சபடி வச்சா கண்ணு உன்னோடது, காய் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு. ஒரு மட்டை அவங்க கார் மேல விழட்டும், அப்புறம் பொங்கலுக்கு யாரும் பானை பாக்க வரமாட்டாங்க.

வாழை வை. வாழையைப் பத்தி ஆராய்ச்சி பண்ண நடுவண் அரசே 1993-ல இந்தத் திருச்சியிலதான் நிலையம் தொடங்கினாங்க. நீ என்னடான்னா பெங்களூர்ல இருந்து பனைமரம் இறக்குற! இலைக்குப் பூவன், கறிக்கு மொந்தன், வாய்க்கு ரஸ்தாளி. கண்ணுக்குக் கண்ணு ஆறடி. தார் வெட்டினதும் தாய் மரம் முடிஞ்சுது, பக்கக்கன்னு ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழிச்சிரு. பாத்திரம் கழுவின தண்ணியை முதல்ல கல்வாழை, சேம்புல விட்டு, அப்புறம் வாழைக்குத் திருப்பு. நம்ம தீவு மண்ணு வண்டலும் மணலும். ஊத்தின தண்ணி சீக்கிரம் இறங்கிரும். அதனால மக்குக் குப்பை நிறையப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. கே.கே. நகர்ல மச்சான் வச்சிருக்கான்னு அப்படியே காப்பியடிக்காத. அவன் தரை வேற, உன் தரை வேற.

மொட்டை மாடியை மறந்துட்டியே! 1,000 சதுர அடி மாடியில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 4,600 லிட்டர். 2003-லயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. நீ அந்தக் குழாயை நேரா ரோட்டுக்கு விட்டுட்டு, அருவிக்கு லாரித் தண்ணி தேடுற.

பட்டாம்பூச்சி வரணும்னு ஆசையா? நல்லது. 2015-ல திறந்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வீட்டோட போய்ட்டு வா. வெந்தய வரியனோட புழுவுக்கு எருக்கு வேணும், இன்னொண்ணுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேணும். கறிவேப்பிலையில புழுவைப் பாத்ததும் மருந்து அடிச்சிட்டு, பட்டாம்பூச்சி வரலையேன்னு கேக்கக் கூடாது. ரசத்துக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடின்னு ரெண்டா வை.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போய்ட்டு வந்து அவரை, புடலை, பீர்க்கு விதையைப் போடு. அதுக்கு முன்னால ஒரே ஒரு விஷயத்தை முடிவு பண்ணு: தெனம் காலையில தண்ணி ஊத்தப் போறது யாரு? அந்தப் பேரைப் படத்துல பெருசா எழுது. உன் பேரா இருந்தா, கடப்பாறை நான் தர்றேன். உன் சம்சாரம் பேரா இருந்தா, முதல்ல அதுகிட்ட கேட்டுட்டு வா.