நாங்கள் எத்தனை கார், ஐயா?

அனுப்புநர்: தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, திண்டுக்கல் – பழனி சாலை.

பெறுநர்: சாலைகளை அளந்தருளும் அதிகாரி அவர்கள்.

பொருள்: பாதயாத்திரை பக்தருக்குக் கார் மதிப்பு ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி எண் 64, ஆண்டு 1990.

ஐயா,

அரோகரா. திண்டுக்கல்லில் இருட்டோடு கிளம்பி ஒட்டன்சத்திரம் நோக்கி நடந்த அன்று, எங்கள் குழுவில் எழுந்த சந்தேகம் இது. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலில் நடப்பவனுக்குத் தார் சுடும். வெள்ளைக் கோடு கொஞ்சம் குறைவாகச் சுடும். ஆகவே கோட்டின்மேல் கால்வைக்க எங்களுக்குள்ளேயே போட்டி. பின்னால் ஏர்ஹாரன் அடித்தால் கோட்டை விட்டு ஜல்லிக்கு இறங்குவோம். ஜல்லி முடிந்த இடத்தில் கருவேல முள். நடைபாதை போட்ட இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே இளநீர் வண்டியும் பைக்குகளும் எங்களுக்கு முன்பே வந்து இளைப்பாறிக்கொண்டிருந்தன.

நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, முன்பு வண்டிக் கணக்கெடுப்பு வேலை பார்த்த நண்பர் சொன்னார்: “சாமி, எந்த வண்டி எத்தனை காருக்குச் சமம்னு அந்த வழிகாட்டியில ஒரு பட்டியல் இருக்கு. கார் ஒண்ணுன்னா லாரியும் பஸ்ஸும் மூணு. சைக்கிள் அரை. கைவண்டி மூணு, குதிரைவண்டி நாலு, மாட்டுவண்டி எட்டு.”

“நமக்கு எத்தனை சாமி?” என்றார் கொத்தனார் நண்பர்.

“நாம அந்தப் பட்டியல்லயே இல்ல சாமி.”

மாலை போடுவதற்கு முன்பாக இருந்தால் கொத்தனார் வேறு வார்த்தை சொல்லியிருப்பார். விரதம் உங்களைக் காப்பாற்றியது.

பழனி மலைக்கு 693 படி என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். உண்டியலில் விழும் சில்லறையையும் எண்ணுகிறார்கள். குன்றக்குடியில் கூடிப் புறப்படும் நகரத்தார் காவடி, இந்தச் சாலை தாரைக் காண்பதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே பழனிக்கு நடக்கிறது. சாலையின் கணக்கில் மட்டும் நடப்பவன் வரவில்லை. கணக்கில் வராதவனுக்கு எப்படி நிழல் ஒதுக்குவது, எத்தனை கழிப்பறை கட்டுவது என்று நீங்கள் தவிப்பது எங்களுக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பைக் குறைக்கவே இந்த உத்தேசப் பட்டியல்:

1. சும்மா நடப்பவர்: சைக்கிளுக்குச் சமமாக அரை. பேரம் பேசலாம்.

2. காவடி எடுத்து ஆடிவருபவர்: அகலம் கருதி, கைவண்டிக்குரிய மூன்று.

3. அலகு குத்தித் தேர் இழுப்பவர்: குதிரைவண்டிக்குரிய நான்கு. குதிரைகூட முதுகில் கொக்கி மாட்டி இழுப்பதில்லை.

4. கால் கொப்புளித்து நொண்டுபவர்: மாட்டுவண்டிக்குரிய எட்டு. வேகம் ஏறக்குறைய அதேதான்.

மாட்டுவண்டிக்கு ஏன் அவ்வளவு பெரிய எண் என்றும் நண்பரிடம் கேட்டோம். வண்டியின் பெருமைக்காக அல்லவாம். மெதுவாகப் போய், பின்னால் வருபவற்றை மறித்து இடத்தை அடைப்பதற்காகவாம். அப்படியானால் எங்களுக்கு எண் கிடைக்காத காரணமும் விளங்கிவிட்டது. “ஓரமா வாங்க சாமி, ஓரமா வாங்க” என்று ஒருவரை ஒருவர் அதட்டி, ஒரு காரையும் நிறுத்தாமல், ஒரு பஸ்ஸையும் தாமதிக்காமல் நடந்திருக்கிறோம். இரவில் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டோம். லாரிக்காரருக்குத் தெரிந்தது. உங்கள் படிவத்துக்குத்தான் தெரியவில்லை.

எனவே, மறிப்பவருக்குத்தான் மதிப்பு என்பதே விதியென்றால், அதை அருள்கூர்ந்து எழுத்தில் தெரிவிக்கவும். விதியை மீறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு விதிப்படி நடுச்சாலையிலேயே, எட்டு எட்டாக வந்து சேருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் ஓரத்து உண்மையுள்ள,
பாதசாரிகள்.