பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி?

கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் இலை போட்டு உட்காரவைத்த விருந்துகளும் ஒரு வழியாக முடிந்த பிறகு, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கேயாவது போய்வரட்டும் என்று பெரியவர்கள் மனம் இரங்கினால், எண்பதுகளில் தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டே திசைதான்: வடக்கே ஓசூர் தாண்டி பெங்களூர் லால்பாக், தெற்கே அஞ்செட்டி இறங்கி ஒகேனக்கல். தையில் தாலி கட்டியவர்களுக்குக் குடியரசு தின மலர்க் கண்காட்சி வாய்க்கும், ஆவணியில் கட்டியவர்களுக்குச் சுதந்திர தினக் கண்காட்சியின் கடைசி நாட்கள் கிடைத்தாலும் கிடைக்கும். எங்களுக்குக் காவிரி வாய்த்தது.

போய்வரட்டும் என்று சொன்னார்களே தவிர, தனியாக என்று யாரும் சொல்லவில்லை. "சின்னஞ்சிறுசுங்க, காட்டு வழி" என்று அம்மா இழுத்ததில் என் அக்கா மகள் கிளம்பினாள். அவளுக்குத் துணை என்று மச்சினன் கிளம்பினான். அவர்களுக்குப் பசிக்குமே என்று ஒரு தூக்குவாளி புளிச்சோறும் கிளம்பியது. பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம், பக்கத்தில் அக்கா மகள், நான் நாலு வரிசை தள்ளி மச்சினனோடு. இளமையில் அது எவ்வளவு பெரிய அநியாயமாகத் தெரிந்தது! இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் என் வயதுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள், அவர்களுடைய மச்சினன்களின் முகம் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

அஞ்செட்டிக்கு முன்னால் ஒரு வளைவில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. அதுவரை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலுமாகச் சந்தைபோல் இரைந்துகொண்டிருந்த பஸ், மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தது. அந்த நிசப்தத்தில் அவள் மட்டும் திரும்பி, நாலு வரிசைக்கு அப்பாலிருந்த என்னைப் பார்த்து, குட்டி ஒன்று இருக்கிறது என்று விரலால் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளாக என்னிடம் சொன்ன முதல் சேதி அதுதான்.

ஒகேனக்கல்லில் எங்களுக்கு நல்லது செய்தவர் பரிசல்காரர். பரிசலில் ஊர்க் கட்டுப்பாடு செல்லாது. மூங்கில் பிளாச்சைப் பின்னி அடியில் தார் பூசிய அந்த வட்டத் தட்டில் ஆளின் எடைதான் சட்டம். எங்கள் நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தவர், தின்று கொழுத்த மச்சினனை எதிர்ப் பக்கம் ஒண்டியாக உட்காரவைத்தார், அக்கா மகளைத் தன் காலடியில் உட்கார் என்றார், எங்கள் இருவரையும் இந்தப் பக்கம் நெருக்கி உட்காரச் சொன்னார். பாறைச் சந்துக்குள் போனதும் ஒற்றைத் துடுப்பால் ஒரு சுழற்று சுழற்றினாரே, அவள் என் சட்டையைப் பிடித்த பிடியில் காலர் பொத்தான் தண்ணீரில் போனது. கரையேறியதும் நானும் மச்சினனும் எண்ணெய்த் தேய்ப்புக்குப் படுத்துவிட, அவள் மீனை வாங்கி, மசாலா வாங்கி, அங்கே சமைத்துத் தரும் ஒரு அம்மாவிடம் கொடுத்து, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் கொடுத்துவிட்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் கல்யாணமானவர்களுக்குத் தெற்குத் திசை அடைபட்டது. வீரப்பன் பெயரைச் சொன்னாலே பெண்வீட்டார் கதவைச் சாத்திக்கொண்ட காலம். 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது வடக்கும் அடைபட்டது, பெங்களூர் பஸ்கள் நின்றன. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிக்கருகே வீரப்பன் கதை முடிந்த பிறகுதான் காட்டு வழியில் ஜோடிகள் மறுபடி தென்பட்டன.

இப்போது நிலவரம் தலைகீழ். 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் சமையலறைக் குழாய்க்கே வந்துவிட்டது, பெங்களூர் ஜோடிகள் எங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தளி சாலையில் தோட்டத்து வீட்டை வாரக்கடைசிக்கு வாடகைக்கு விடுகிறார். வருகிற ஜோடிகளுக்கு அங்கே விசேஷம், கேழ்வரகுக் களி கிண்டுவது. ஒருவர் பானையை நகராமல் பிடிக்க, மற்றவர் கோலால் கட்டி தட்டாமல் கிண்ட, புகையில் இருவருக்கும் கண்ணீர் வழிய, உருட்டிய உருண்டை வட்டமாக வராவிட்டாலும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மனைவிக்குக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை. "நான் தினமும் செஞ்சேனே, அது என்னங்க?" என்றாள். என் அம்மாவும் பாட்டியும் ஒண்டியாகக் கிண்டிய களி அது. அந்தப் பானையைப் பிடிக்க ஆண் ஒருவன் வந்து உட்கார, வாடகை கொடுத்தாவது வந்து உட்கார, இத்தனை காலம் ஆகியிருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படும் பாடு வேறு. எங்களுக்குத் தனிமை இல்லை. இவர்களுக்கு நேரம் இல்லை. என் மகள் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், மாப்பிள்ளை ஓசூர் சிப்காட்டில். அவள் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது அவர் காலை ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறார். ஊர் சுற்றத் திட்டம் போடுவதென்றால் முதலில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய இரண்டு ஷிப்ட் அட்டவணைகளையும் வைத்து, வார லீவு ஒன்றாக விழும் நாளைத் தேட வேண்டும். விழாவிட்டால் யாரிடமாவது ஷிப்ட் மாற்றக் கெஞ்ச வேண்டும். அது கிடைத்த பிறகு பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தி பார்க்க வேண்டும். கர்நாடக அணைகள் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வந்துவிடும். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக நொகனூர்க் காட்டுக்கு யானைகள் வரத்து. அப்போது இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். இத்தனை கணக்கையும் போட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்து, அந்தக் காலம்போல வருமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு நாளும் பஸ் படியில் கையசைத்துப் பிரிகிறவர்களுக்கு, ஒரே நேரத்தில் விழித்திருந்து, ஒரே தட்டில் மீன் பிய்த்துத் தின்னும் ஒரு மத்தியானத்தைவிடப் பெரிய சுற்றுலா எது? கண்ணைப் பறிக்கும் ரிசார்ட்டுகள் வேண்டாம், இரண்டு பேர் கையும் சேர்ந்து வேலை செய்கிற இடமாகப் போங்கள் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன மாதம் இருவருக்கும் ஒரு புதன்கிழமை ஒன்றாக விழுந்தது. பெட்டமுகிலாளம் மலைக்கு விடியற்காலையில் பைக்கில் போவதாக முடிவு. மகள் மரியாதைக்காக, "அப்பா, நீங்களும் அம்மாவும் கார் வச்சுக்கிட்டு வரீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து, "அவருக்கு அன்னைக்கு வேலை இருக்கு" என்றாள்.