தண்ணீர்த் தொட்டியின் தர்மகர்த்தா

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் நாலு தமிழ் வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டிலாவது இவர் இருப்பார். ஐம்பது வயது, லேசான தொப்பை, காலில் ஊரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பு. துவைப்பது மனைவி. மடிப்பது பிள்ளைகள், பேச்சளவில். டிரையர் டேங்கில் சேர்கிற தண்ணீரைக் கொட்டுவது மட்டும் இவர். யாரும் கொடுக்காத பதவி என்பதால் யாரும் பறிக்கவும் முடியாது.

"உங்க வீட்ல கண்டென்சரா, வென்டடா?" என்று விருந்தாளியைக் கேட்பார், நம் பாட்டிமார் நட்சத்திரம் கேட்ட தோரணையில். பதில் எதுவானாலும் விளக்கம் உண்டு. "வென்டட்னா ஈரக் காத்தை வெளிய தள்ள சுவத்துல ஓட்டை போடணும். வாடகை வீட்ல யாரு விடுவா? கண்டென்சர் அப்படி இல்ல. ஐஸ் வாட்டர் ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதுல்ல, அதேதான். சூட்டுக் காத்து துணியோட ஈரத்தைத் தூக்கிட்டு வரும், குளிர்ந்தா தண்ணி. கீழ இருக்கிற பம்பு அதை மேல டேங்குக்கு ஏத்திடும்." இதற்குள் விருந்தாளியின் காபி ஆறியிருக்கும்.

டேங்க் நிறைந்து விளக்கு எரிந்தால் மெஷின் நின்றுவிடும். அப்போது அவரைப் பார்க்க வேண்டும். மேலே டிராயர் போல இருக்கும் அந்த நீள டேங்கை அங்குலம் அங்குலமாக உருவி, இரண்டு கையாலும் ஏந்தி, பால்குடம் எடுப்பவர் போல சிங்க்கை நோக்கி நடப்பார். "ஓரமா போ, ஓரமா போ!" நாலடி தூரம்தான். ஆனாலும் டைல்ஸில் இரண்டு சொட்டு விழும், அதை அவர் செருப்பு தேய்த்துவிடும். "இன்னிக்கு மூணே முக்கால் லிட்டர்!"

கொட்டுவதற்கும் மனசு வராது. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையாக வைத்து வளர்ந்தவர். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை இங்கே உட்கார்ந்து டிவியில் பார்த்தவர். அங்கே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரைக் காசு கொடுத்து வாங்கினோமே என்று நினைத்துக்கொள்வார். லண்டன் குழாய்த் தண்ணீரோ கெட்டிலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியவிடும் ரகம். அதனால் பழைய வேட்டியை நாலாக மடித்து டிரையர் தண்ணீரை வடிகட்டி, அயர்ன் பாக்ஸுக்கு என்று பாட்டிலில் பிடித்து வைப்பார். கார் ஷெட்டில் பதினோரு பாட்டில் நிற்கிறது. வீட்டில் அயர்ன் செய்வது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான்.

ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்ய வேண்டிய பஞ்சு ஃபில்டர் பக்கம் மட்டும் அவர் கை போகாது. அதில் பெருமை இல்லை.

ஒருநாள் மனைவி சொன்னாள்: "ஏங்க, பின்னாடி ஹோஸ் மாட்டி வாஷிங் மெஷின் பைப்போட சேர்த்துட்டா தானாவே போயிடுமாமே." ஹோஸ் நாலு வருஷமாக பீட்சா விளம்பரத் தாள்களோடு மேஜை டிராயரில் கிடந்தது. பிளம்பரைக் கூப்பிடுவதா? கௌரவம் என்னாவது! சிங்க் அடியில் தலையை விட்டு, இடுப்பு மட்டும் வெளியே தெரிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்திருந்தார். இரண்டு மெஷின் தண்ணீரும் வெளியேற அங்கே ஒரே வாய். ஹோஸைத் தரையோடு தரையாக விட்டுவிட்டார். மறுநாள் வாஷிங் மெஷின் வெளியேற்றிய நுரைத் தண்ணீர், சாக்கடைக்குப் போவதை விட டிரையருக்குள் போவது சுலபம் என்று கண்டுகொண்டது. சமையலறைத் தரையில் லாவண்டர் வாசனையோடு வெள்ளம்.

அப்புறம்தான் கையேட்டைப் பிரித்தார். ஹோஸைக் கவுன்ட்டர் அடிவரை தூக்கி, வளைத்து, கிளிப் போட்டு இறக்கினார். சரியாகிவிட்டது.

வினை அங்கேதான். விளக்கு எரியவே இல்லை. சாயங்காலம் டிரையர் முன்னால் போய் நிற்பார், ரிட்டயர் ஆனவர் பழைய ஆபீஸ் வாசலில் நிற்பதைப் போல. டேங்கை உருவிப் பார்ப்பார். வறண்ட புழல் ஏரி. மெதுவாக உள்ளே தள்ளுவார்.

மூன்றாவது வாரம் டிரையர் பாதியில் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

"ஹோஸ் என்னாச்சு?"

"அது ஏதோ சத்தம் போட்டுச்சு. கழட்டிட்டேன்" என்றபடி டிராயரை அங்குலம் அங்குலமாக உருவினார். "நகரு, நகரு. நாலு லிட்டர் இருக்கும்போல."