ஒன்பதரைக்கு ஏறி பதினொன்னுக்குள்ள எறங்குற சூரன்

ஏண்டா பேராண்டி, பினாங்கிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரந்தான்னு ஒட்டுக்கடை முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே! டிக்கெட்டுலயே போட்டிருக்குன்னு வேற சாதிக்கிறியாம். போட்டிருக்கும்டா. இங்க காலையில ஒன்பதரைக்குக் கெளம்பினா அங்க பதினொன்னு அடிக்கிறதுக்குள்ள எறங்கிடலாம். ரெண்டும் அந்தந்த ஊரு மணி. நடுவுல இருக்கிற ரெண்டரை மணி வித்தியாசத்த முழுங்கினது விமானம் இல்ல, நீதான். திரும்பி வர்றப்போ ஆறு மணி நேரம் ஆன மாதிரி காட்டும். உடனே விமானம் பழுதுன்னு கெளப்பிவிட்டுடாதே.

பயான் லெப்பாஸிலிருந்து மீனம்பாக்கம், ஆகாசக் கணக்குல ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். பயணம் மூணரை மணிக்கு மேல, நாலுக்குள்ள. எங்க காலத்துல வித்தியாசம் ரெண்டு மணிதான் இருந்துச்சு. 1982 பொறந்ததும் நம்ம நாட்டுக் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளிட்டாங்க. நீ எந்திரிக்கிறது மட்டும் இன்னும் பழைய மணியிலதான்.

ரஜூலா கப்பல்ல வந்த பெருசுங்களக் கேட்டுப் பாரு. நாகப்பட்டினத்துல ஏறினா ஒரு வாரத்துக்குக் கிட்ட கடலும் வாந்தியும்தான். அதுக்கும் முன்னால தோட்டத்துக்கு வந்த சனங்களுக்கு இன்னொரு கூத்து. பினாங்கு கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது. நோய் நொடி இருக்கான்னு பார்க்க ஜெரஜாக் தீவுல எறக்கி அடைச்சு வச்சுடுவாங்க. நீ குடிநுழைவு வரிசையில இருபது நிமிசம் நின்னதுக்கு முகநூல்ல ஒப்பாரி வைக்கிற ஆளு! அந்தத் தீவு ஏர்போர்ட்டுக்குப் பக்கந்தான். ஜன்னல் சீட்டு கெடைச்சா, செல்பி எடுத்து முடிச்சப்புறம் கொஞ்சம் எட்டிப் பாரு. ரஜூலாவுக்குப் பின்னால ஓடின சிதம்பரம் கப்பலும் 1985-ல தீப்பிடிச்சதோட நின்னுபோச்சு.

2024 டிசம்பர்ல இண்டிகோக்காரன் சென்னைக்கு நேரா விட்டான். அதுக்கு முந்தி ரொம்ப வருசமா, மேக்கால இருக்கிற சென்னைக்குப் போக தெக்கால 325 கிலோமீட்டர் பறந்து கோலாலம்பூர்ல மாறணும். இப்ப நேரா போறோம்னு நீ துள்ளுற. துள்ளு, வேணாங்கல. ஆனா நீ போற கல்யாணம் சென்னையிலயா நடக்குது? தஞ்சாவூருல. மீனம்பாக்கத்துல எறங்கி இன்னும் 340 கிலோமீட்டர் பஸ்ஸுல குலுங்கிப் போயி சேர்றதுக்குள்ள தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, பாயாச வாளியக் கழுவிக் கவுத்திருப்பாங்க. கோலாலம்பூர் சுத்தி திருச்சியில எறங்கினா, அங்கேருந்து தஞ்சாவூரு 60 கிலோமீட்டர்கூட இல்ல. உனக்குக் கோண வழிதான்டா கிட்டக்க. டிக்கெட்டு எடுத்தாச்சா? சரி, அப்ப பஸ்ஸுல வாந்திக்குப் புளிப்பு மிட்டாய் வச்சுக்க.

இன்னொன்னு. ஜார்ஜ்டவுனிலிருந்து ஏர்போர்ட்டு 16 கிலோமீட்டர்தான்னு போன்ல பார்த்துட்டு அரை மணி முன்னால கெளம்பாதே. பயான் லெப்பாஸ் பேக்டரி ஆளுங்க வேலை மாறுற நேரமா இருந்தா காடி நகராது. விமானம் அந்நேரத்துக்குப் பாதிக் கடலத் தாண்டியிருக்கும்.

பெட்டிய வீட்டுலயே எடை போட்டுடு. போன தடவ உன் சித்தப்பன் கவுண்டருக்கு முன்னால பெட்டியத் தொறந்து, ஜட்டி பனியனத் தரையில பரப்பி, கோடாலித் தைலத்த விடுறதா மைலோ டின்ன விடுறதான்னு முழிச்சுக்கிட்டு நின்னான். உனக்கு அந்தக் கஷ்டம் வேணாம். எடை கூடினா மைலோவ இங்க கொண்டாந்து வச்சுட்டுப் போ. ஒங்க பாட்டிக்கு ரொம்ப நாளா அது மேல ஒரு கண்ணு.