குற்றவாளிக் கட்டடம்

அமெரிக்காவில் கஞ்சாக் கடைக்கு இடம் வாடகைக்கு விடப் போகிறீர்களா? பேஷாக விடலாம். கஞ்சாவை அனுமதித்த மாநிலமென்றால் மாநில அரசு லைசென்ஸ் கொடுக்கும், நகராட்சி வரி ரசீது கொடுக்கும். மத்திய அரசோ 1986-லேயே உங்களுக்காக ஒரு சட்டப்பிரிவை எழுதி வைத்திருக்கிறது. போதைப்பொருள் வியாபாரத்துக்குத் தெரிந்தே இடம் கொடுத்தால் 20 ஆண்டு வரை சிறை. வேறொரு பிரிவின்படி கட்டடமும் பறிமுதலாகலாம்.

பூச்சாண்டி காட்டவில்லை. ஓக்லாந்தில் ஹார்பர்சைட் என்று ஒரு மருத்துவக் கஞ்சாக் கடை. கலிஃபோர்னியா 1996-லேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்துவிட்டது. ஓக்லாந்து நகரமும் லைசென்ஸ் கொடுத்து வரி வாங்கிப் பழகியிருந்தது. 2012-இல் மத்திய அரசு வழக்குப் போட்டது. யார் மேல்? கட்டடத்தின் மேல்! பிரதிவாதியாக நின்றது செங்கல்லும் சிமெண்டும். லைசென்ஸ் கொடுத்த நகரமே கடைக்காக மத்திய அரசை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. நாலு வருஷம் இழுத்தடித்து, 2016-இல் மத்திய அரசு தானே வழக்கைக் கைவிட்டது. கட்டடத்திடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

டென்வரில் கிடங்கு வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம். வருமானத்தில் கால் பங்கு கஞ்சா வளர்ப்பவர்கள் கொடுத்த வாடகை. அவர்கள் மாநிலச் சட்டப்படிதான் தொழில் செய்தார்கள். கடனில் மூழ்கி, திவால் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டபோது 2012-இல் கிடைத்த பதில்: நீங்கள் மத்தியச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறீர்கள், இங்கே கடனை மறுசீரமைக்க வழியில்லை.

அதே தொழிலைக் கோட்டுப் போட்டுச் செய்தால்? இன்னோவேட்டிவ் இண்டஸ்ட்ரியல் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் கஞ்சா வளர்க்கும் கட்டடங்களை வாங்கி, விற்றவருக்கே நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. 2016-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

வரியில் மட்டும் மத்திய அரசுக்குக் கூச்சம் கிடையாது. கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்துவிட்டு, கஞ்சாக் கடைக்காரரிடம் வருமான வரியும் கேட்டது. கடை வாடகையைச் செலவுக் கணக்கில் கழிக்க விடாமல் 1982-லேயே ஒரு பிரிவு போட்டாகிவிட்டது. குற்றத்தில் பங்கு கேட்பவனுக்கு ஊரில் வேறு பெயர். அங்கே வருவாய்த் துறை.

நியூயார்க் கதைதான் வயிறெரிய வைக்கிறது. முன்பு கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பரிகாரமாக முதல் லைசென்ஸ் தருவோம் என்றது மாநில அரசு. நம்பி இடம் பிடித்தார்கள், கடன் வாங்கினார்கள், கண்ணாடி மாட்டினார்கள். 2025 ஜூலையில், இவர்களில் பலர் உட்பட, 150-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தகவல் வந்தது: பள்ளிக்கும் கடைக்கும் இடையே 500 அடி வேண்டும், நாங்கள் வாசலிலிருந்து வாசலுக்கு அளந்துவிட்டோம், சட்டமோ பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து அளக்கச் சொல்கிறது, மன்னிக்கவும்.

தப்பாக அளந்தது அரசு. குத்தகைப் பத்திரத்தில் இருப்பது கடைக்காரரின் கையெழுத்து. அந்த மாத வாடகையையும் அவர்தான் கட்டினார்.